பூவராகவன் படித்த பேப்பர்

பூவராகவன் பேப்பரில் இல்லாததைப் படிக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே, அவனைத் தெரு நடுவில் வைத்துக் கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

எழுபத்தொன்று டிசம்பர். வங்காள தேசத்துக்காக நாம் பாகிஸ்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வெயில் ஏறுவதற்குள் பாவு நீட்டுவோம். தெரு நீளத்துக்குப் பட்டு இழை. அதற்குக் கஞ்சி போட்டு, காயும்வரை இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். ஒருவன் கையை எடுத்தாலும் இழை சிக்கிக்கொள்ளும்.

கைக்கு வேலை, காது சும்மா. அதனால் எட்டாவது வரை படித்த பூவராகவன் நடுவில் நின்று பேப்பர் படிப்பான்.

அந்தக் குளிரும் கஞ்சி வாசனையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எல்லார் எதிரிலும் அவன் என்னைக் கைநாட்டு என்று சொன்னதும் மறக்கவில்லை.

"அமெரிக்காக்காரன் ஏழாவது கப்பல் படையை அனுப்பிட்டானாம்" என்று ஒருநாள் படித்தான்.

"எவ்ளோ பெரிய கப்பல்பா?" என்றான் சிட்டிபாபு.

"ஏகாம்பரநாதர் கோபுரத்தை வரிசையா நாலு படுக்க வைக்கலாம்."

"நமக்குக் கோதுமை குடுத்தவன்தானே? இப்ப இன்னாத்துக்கு நம்ம மேல வர்றான்?"

"அவன் பாகிஸ்தானுக்குக் கூட்டாளி. நாம வங்காளத்துக்குத் துணை போனோம், அவன் அவங்களுக்குத் துணை வர்றான்."

"நமக்கு யாரு துணை?"

"ரஷ்யாக்காரன். அவன் கப்பலும் பின்னாலயே வருது. விட்டுடுவானா?"

எதிர்ப்பக்கத்தில் பாவு பிடித்துக்கொண்டிருந்த மரியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "கெயக்குப் பக்கம் நம்ம ஆளுங்களைப் பத்தி இன்னாண்ணா போட்டிருக்குது?"

மரியம்மாள் ஐயம்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் கூலிக்கு வருகிறவள். ஒரே மகன் சாமுவேல். பட்டாளத்தில், கிழக்கு எல்லையில் இருந்தான். தினமும் இதையேதான் கேட்பாள்.

பூவராகவன் பேப்பரை ஒரு தரம் உதறிக்கொண்டான்.

"நம்ம ஆளுங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்லமா. போற எடமெல்லாம் சோறு ஆக்கிப் போடுறாங்களாம்."

அவளும் தலையாட்டிக்கொள்வாள்.

மறுநாள் இன்னும் உரக்கப் படித்தான். "கப்பல் திரும்பிப் போயிடுச்சு! ரஷ்யாக்காரனைப் பார்த்தான், ஒரே திருப்பு!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு நின்றிருக்கலாம். தர்மன் டீக்கடைக்குப் போய், "கேட்டியா சேதி? கப்பல் திரும்பிடுச்சு" என்று நாலு பேர் எதிரில் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்.

தர்மன் கையிலும் அதே பேப்பர்.

"உனக்கு எவன்யா சொன்னான்? கப்பல் வந்துக்கினே இருக்குதுன்னு போட்டிருக்கான். கிழக்குல நம்மாளுங்களும் செத்திருக்காங்க. நீ போய்த் திருப்பி விட்டுட்டு வந்தியா?"

அன்றிலிருந்து வெறும் கலியனாக இருந்த எனக்குக் கப்பல் கலியன் என்று பேர். என் கல்யாணப் பத்திரிகையில்கூட யாரோ பென்சிலால் எழுதி வைத்தார்கள்.

படிக்கத் தெரியாதவன்தானே, எதைச் சொன்னாலும் நம்புவான் என்றுதானே பூவராகவன் அளந்தான்? ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வழக்கம்போலப் பாவு நீட்டினோம். அவனும் ஆரம்பித்தான். "கப்பல் சிங்கப்பூரையும் தாண்டிப் போயிடுச்சாம்..."

நான் கையை விட்டேன்.

"யோவ், பாவு! பாவு!" என்று சிட்டிபாபு கத்தினான். இழை சரசரவென்று சரிந்து சிக்கிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பூவராகவன் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினேன்.

"இவன் புளுகுறான்! டீக்கடையில படிச்சிக் காட்டினாங்க. கப்பல் போவல, வந்துக்கினு இருக்குது. கிழக்குல நம்ம பசங்க செத்துக்கினு இருக்காங்க. அல்லாம் இந்தப் பேப்பர்லயே போட்டிருக்குது. படிக்கத் தெரியாதவங்கன்னு நம்மள ஏமாத்துறான்!"

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் மரியம்மாளைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போதுமாடா?" என்றான் பூவராகவன். "அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதானேடா பத்து நாளா..."

மரியம்மாள் தன் பக்கத்து இழையை விடவில்லை. ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் நான் சிக்காக்கியதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பரை அவருகிட்ட குடுப்பா."

"இல்லமா, அவன் படிக்கிறது..."

"தெரியும்பா. மிஷன் ஸ்கூல்ல அஞ்சாவது படிச்சவ நான். பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குற பேப்பரைப் படிச்சிட்டுத்தான் தினமும் இங்க வர்றேன்."

அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை.

பூவராகவன் கேட்டான். "அப்புறம் ஏம்மா தினமும் என்னைக் கேட்ட?"

மரியம்மாள் பிரித்த இழையை நீவிவிட்டாள்.

"நான் படிச்சா கப்பல் வந்துக்கினே இருக்குதுண்ணா. நீங்க படிச்சாத்தான் திரும்பிப் போவுது."