மலைப் பஸ் தொடரட்டுமா?

“அத்தை பேர்லயும் ஓட்டா? அவங்களுக்கு போன்ல பச்சையை அமுக்கணுமா, சிவப்பை அமுக்கணுமான்னே தெரியாதே!”

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே டிரைவர் கேட்டார். மனைவி போனிலிருந்து தலை நிமிரவில்லை.

“அத்தைக்கு மூணு. உங்க சித்தப்பா பசங்களுக்கு ஆளுக்கு ரெண்டு. பேசாம இருங்க, கணக்குத் தப்பிடும்.”

மலைப்பாதை பஸ்ஸை நிறுத்தலாமா, தொடரலாமா என்று போக்குவரத்து அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் மக்களைக் கேட்டிருந்தது. ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு வாக்கு. பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்த அவள், உள்ளே நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரமெல்லாம் புதுப்புது மின்னஞ்சல் முகவரிகளைத் திறந்துகொண்டிருந்தாள். பஸ் நின்றுபோனால் அதை ஓட்டும் கணவரை ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் டிப்போவுக்கு மாற்றிவிடுவார்கள்.

“மாத்தினா மாத்தட்டுமே. அங்க நாற்காலி வேலை. ஃபேனுக்குக் கீழ உக்காந்து யாரு எந்த வண்டின்னு எழுதினாப் போதும்.”

“நீங்களா? சோபாவுல உக்காந்தாலே உங்க காலு பிரேக்கைத் தேடுது. வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவீங்க. மிச்ச நாளெல்லாம் நான் சுவத்தோட பேசணுமா?”

“சுவரு எதுத்துப் பேசாது. உனக்கு வசதிதான்.”

“கிளம்புங்க, நேரமாச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அன்று மாலை வாக்கெடுப்பு முடிந்தது. தொடரட்டும்: 263. நிறுத்தலாம்: 41. இருநூற்றுக்கு மேல் அவள் போட்டவை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ் தொடர்ந்தது.

மறுநாள் காலை, ஏழாவது வளைவில் அவர் வண்டியை ஓரம் கட்டினார். கைப்பிரேக்கைப் போட்டார். ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். பயணிகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கண்டக்டர் அவருடைய போனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“நல்லாத்தானே இருந்தாரு,” என்றாள் அவள். “ஒரு தலைவலின்னுகூடப் படுத்ததில்லையே.”

“எங்ககிட்டயும் ஒண்ணும் சொல்லலை அண்ணி. மேடு வந்தா மட்டும் பேச்சை நிறுத்திடுவாரு. ரோட்டைப் பாக்குறாருன்னு நெனைச்சோம்.”

கண்டக்டர் கிளம்பிய பின் அவள் போனைத் திறந்தாள். அந்த வாக்கெடுப்புப் பக்கம் மூடப்படாமலே இருந்தது. எண்களுக்குக் கீழே, வாக்களித்தவருக்கு மட்டும் காட்டப்படும் வரிகள்:

‘உங்கள் வாக்கு: நிறுத்தலாம். காரணம்: மேடு ஏறும்போது டிரைவருக்கு நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. பதிவான வாக்கை மாற்ற இயலாது.’