முழுதாக ஒரு மணி நேரம்

டைல்ஸ்காரர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினோரு பேர். ஒரு முகத்திலும் ‘வாங்க’ இல்லை.

கதவை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சண்டைக்கு வந்தவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

குடியை விடுவதற்கென்று இதற்கு முன் போன இரண்டு கூட்டங்களிலும் அவர் பத்து நிமிடம் தாண்டவில்லை. ஒன்றில் புகை பிடிக்க எழுந்தவர் திரும்பவில்லை. இன்னொன்றில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்.

மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்ட மனைவி, இந்த முறை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஒரு மணி நேரம் முழுசா உக்காந்து, அங்க இருக்கறவங்க சொல்றதக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் நாங்க வீட்டுக்கு வர்றதப் பத்திப் பேசலாம். பாதியில எழுந்துட்டீங்கன்னா இனிமே போன்கூடப் பண்ணாதீங்க.”

சுற்றிலும் பார்த்தார். எட்டுப் பேர் பெண்கள். ஊரில் இத்தனை பெண்களா குடிக்கிறார்கள் என்று திகைப்பாக இருந்தது. இதை மனைவியிடம் சொன்னால் தன் மதிப்பு கொஞ்சம் ஏறும் என்றுகூட நினைத்தார்.

கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்த தையல்காரி, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

“என் வீட்டுக்காரன் தூங்கறப்ப மூச்சு வருதான்னு எழுந்து பாப்பேன். வரும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சப்புன்னு ஆயிடும்.”

யாரும் அதிரவில்லை.

அடுத்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று, கை நடுக்கம் நிற்காத முப்பது வயது மகனுக்குத் தானே முகம் வழித்துவிட்டதைச் சொன்னார். முடித்த பிறகும் கத்தியை அவன் கழுத்திலிருந்து எடுக்க ஒரு நிமிடம் ஆனது என்றார்.

அப்போதுதான் டைல்ஸ்காரருக்கு உறைத்தது. இது குடிக்கிறவர்கள் கூட்டம் இல்லை. குடிக்கிறவர்களைக் கட்டிக்கொண்டும் பெற்றுக்கொண்டும் அழுகிறவர்கள் கூட்டம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் போயிருக்க வேண்டிய அறை அதுதான்.

இப்போது எழுந்தால் மூன்றாவது முறையாகப் பாதியில் எழுந்தவர் ஆவார்.

தையல்காரி அவர் பக்கம் திரும்பினாள். “உங்க வீட்ல யாரு குடிக்கறது?”

“தம்பி,” என்றார். அவருக்குத் தம்பியே கிடையாது.

“கல்யாணம் ஆனவரா?”

“ஆச்சு. ஒரு பொண்ணு. எட்டாவது படிக்குது.”

“பொண்டாட்டிய அடிப்பாரா?”

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். எவனோ அவசரத்தில் ஒட்டிய தரை. கோடு கோணலாக ஓடியது.

“ஒரே ஒரு தடவை.”

“எங்க எல்லார் வீட்லயும் ஒரே ஒரு தடவைதான்,” என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்தது. கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“அந்தப் பொண்ணு அப்பாகிட்ட பேசுதா?”

“அவன் வந்தா ரூமுக்குள்ள போயி தாப்பாள் போட்டுக்கும். முன்னாடி அந்தக் கதவுக்குத் தாப்பாள் இல்ல. அவளே கடையில வாங்கிட்டு வந்து மாட்டிக்கிட்டா.” கோணல் கோட்டைக் கால் விரலால் தடவினார். “அவனோட டூல்ஸ் பையிலேர்ந்துதான் ஸ்க்ரூடிரைவர் எடுத்தா.”

யாரும் உச்சுக் கொட்டவில்லை. ஐயோ பாவம் என்கிற பேச்சே அங்கு இல்லை. ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

“உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, அடி ரெண்டு நாள்ல ஆறிடும். மறுநாள் காலைல கால்ல விழறான் பாருங்க, அதுதான் குமட்டுதுன்னு.”

“அவர் வர்ற சத்தம் கேட்டா புள்ளைங்க சோத்தக்கூட முழுங்காம உக்காந்திருக்குன்னு சொல்லுங்க.”

“செத்துத் தொலைன்னு சொல்லுங்க. பெத்தவன் சொன்னான்னு சொல்லுங்க,” என்றார் ஆசிரியர்.

“சொல்றேன்,” என்றார் டைல்ஸ்காரர். ஒவ்வொன்றுக்கும் சொல்றேன், சொல்றேன் என்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் எழவில்லை.

கடைசியில் எல்லோரும் எழுந்து கைகோத்துக் கண்களை மூடினார்கள். ஆசிரியர்தான் பிரார்த்தனையைச் சொன்னார். இத்தனை வசவுக்கும் பிறகு, அவர் கடவுளிடம் கேட்டது அந்த மகனுக்கு இன்று ராத்திரி நல்ல தூக்கம்.

வெளியே வந்த டைல்ஸ்காரரின் பின்னாலேயே தையல்காரியும் வந்தாள்.

“உங்க கூட்டம் அடுத்த கதவு. எட்டு மணி வரைக்கும் நடக்கும்.”

அவர் திரும்பினார். “எப்ப தெரிஞ்சுது?”

“நீங்க உள்ள வந்தப்பவே. வாடைய மறைக்கப் புதினா மிட்டாய் மென்னுட்டு வர்ற ஆளுங்களோடதான நாங்க குடித்தனம் பண்றோம்.”

“அப்பவே வெளிய போன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.” அவள் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். “எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் நாங்க பேசி முடிக்கற வரைக்கும் உக்காந்ததில்லங்க. நீங்க உக்காந்தீங்க.”

அவர் அடுத்த கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். கை அந்தரத்திலேயே நின்றது.

அவளே தட்டினாள்.