தாண்டிப் போன பாடம்

ஐந்தாம் வகுப்பு ஜெனோவா திங்கட்கிழமை தன் கலர் பென்சில்களைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். மறுநாள் ஸ்டிக்கர் நோட்டை இன்னொருத்திக்குக் கொடுத்தாள். பகிர்ந்துகொள்வதைப் பற்றி முந்தின வாரம்தான் பாடம் நடத்தியிருந்த அமலோற்பவம் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அவளை முன்னால் நிற்கவைத்து வகுப்பையே கைதட்டச் சொன்னாள். அந்தப் பிள்ளை சிரிக்கவேயில்லை.

புதன்கிழமை மணியடித்து எல்லோரும் போன பிறகும் ஜெனோவா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. டீச்சர் கிட்டே போய் அதட்டியதும் அழத் தொடங்கினாள்.

“எங்கம்மாட்ட சொல்லிராதீங்க டீச்சர். மூணு நாளா ரத்தம் போகுது. நான் செத்துருவேன். அதான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்.”

பெண்பிள்ளைகள் வளர்வதைப் பற்றிய பாடம் புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது. பையன்கள் சிரிப்பார்களே என்று கூசி, போன மாதம் டீச்சர்தான் அதைத் தாண்டிப் போயிருந்தாள். இப்போது ஜெனோவாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை ஒருத்திக்கு மட்டும் முதலிலிருந்து நடத்தினாள். இது நோயில்லை, எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், எனக்கும் வரும் என்றாள்.

ஜெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

“இது ஒங்களுக்கு முந்தியே தெரியுமா டீச்சர்?”

“தெரியும்மா.”

ஜெனோவா தன் தோளில் கிடந்த டீச்சரின் கையை மெல்ல எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.