கோட்டின் மேல் கோடு

ராக்கெட் கிளம்பும்போது எழும் இரைச்சலில் செயற்கைக்கோளின் எந்தப் பலகை எவ்வளவு அதிரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கணக்கம்மா. மேலதிகாரிக்கு மட்டும் அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது.

“காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. இன்னிக்கு சோதனையில ஒத்துவரலைன்னா நீ வேற பிரிவுக்குப் போயிடு.”

சோதனை அறையின் கனத்த கதவுக்கு அந்தப் பக்கம், ராக்கெட் இரைச்சலை எழுப்பும் ராட்சத ஒலிபெருக்கிகள் அலறின. இந்தப் பக்கம் மேசை மேலிருந்த டீ டம்ளர் தானாக நகர்ந்தது.

சத்தம் அடங்கியதும் மேலதிகாரியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவள் கணக்கை நீலக் கோடாகப் போட்டார். சோதனையில் வந்ததைச் சிவப்புக் கோடாகப் போட்டார்.

சிவப்பு, நீலத்தின் மேல் மயிரிழை பிசகாமல் போய் உட்கார்ந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தப்பா நெனச்சுட்டேன்மா. உன் கணக்கைப் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்.”

கேக் வந்தது. அவளுக்கு அவரே ஊட்டிவிடாத குறை.

அப்போது சோதனை அறை ஆபரேட்டர், காதடைப்பைக் கழற்றியபடி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“காலி அறையில ஒலிபெருக்கியை ஓட்டிப் பார்த்தாச்சு சார். எல்லாம் சரியா இருக்கு. செயற்கைக்கோளை இப்ப உள்ளே கொண்டு வரலாமா?”

மேலதிகாரி மெதுவாகத் திரைப்பக்கம் திரும்பினார். நீலத்துக்கும் சிவப்புக்கும் அவர் திறந்திருந்தது ஒரே ஃபைலை, அவள் கணக்கை.

கணக்கம்மா வாயிலிருந்த கேக்கை நிதானமாக விழுங்கினாள்.

“சார், வாயே திறக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதானே?”