போலி வீரன்

முதலாளி அவன் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார். தலை கையோடு வந்துவிட்டது.

அறையில் யாரும் பதறவில்லை. அரை அடி உயரப் பிளாஸ்டிக் வீரனுக்காக யார் பதறப்போகிறார்கள்? தலை மேஜைமேல் உருண்டு போய் வக்கீலின் டீ டம்ளரில் முட்டி நின்றது.

"எழுதிக்கோ. கழுத்து நிக்கல."

வக்கீல் எழுதிக்கொண்டார். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. மாமா வாயைத் திறந்தால் அதுதான் சட்டம் என்று காலம் தள்ளுகிறவர்.

உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அந்தப் பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஏழு வருடம் இதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள். கண்ணை மெஷினே அச்சடித்துவிடும் என்றானதும் முதலாளி அவளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்குப் போனவள் அழுதுகொண்டு கிடக்கவில்லை. கம்பெனி வீரனைப் பார்த்து அச்சு அசலாக ஒருவனை மெழுகில் செதுக்கினாள். அதற்கு ரப்பரில் அச்சு எடுத்தாள். அவளும் புருஷனும் சமையலறையிலேயே வீரர்களை வார்த்து, வர்ணம் பூசி, சின்னக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். நேற்றுதான் முதலாளியின் ஆட்கள் போய்ப் பையோடு பிடித்தார்கள்.

போலீஸில் ஒப்படைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன்னால் நாலு பேர் பார்க்க அவள் மூக்கை உடைத்தாக வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு தினவு. காரணம் இருந்தது. தலை கழன்று வருகிறது என்று மூன்று பெரிய கடைகள் சரக்கைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியிருந்தன. ஃபோர்மேன் வந்து, அச்சு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஏதோ உளறினார். இரும்பு எங்கேயாவது தேயுமா என்று கேட்டு அவரை விரட்டியாயிற்று. இப்போதுதானே உண்மையான காரணம் கையில் சிக்கியிருக்கிறது! இவளுடைய குப்பை நம் பெட்டிகளோடு கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தரம் பார்க்கும் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாவை அழைத்து, கம்பெனி பொம்மை ஒன்றும் அவள் பையிலிருந்து ஒன்றும் எடுத்து வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மா இரண்டையும் பெட்டியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது எது என்று முதலாளி கேட்கவில்லை. முப்பது வருடம் பொம்மை விற்றவருக்கு ஒரு பார்வை போதாதா?

தலை போன முண்டத்தை வலது கையிலும் மற்ற வீரனை இடது கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். முண்டத்தின் விலாவில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கோடு துருத்திக்கொண்டிருந்தது. அக்குளில் பிசிறு. ஐந்து விரலும் ஒட்டிப்போய்த் துடுப்பு மாதிரி இருந்தன. உருண்டு கிடந்த தலையையும் அவர் விடவில்லை. இவன் எதிரியைப் பார்க்கிறானா, பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறானா என்று கேட்டார். வக்கீல் சிரித்துவிட்டு அதையும் எழுதினார்.

முண்டத்தை மேஜைமேல் நிற்க வைத்தார். முழங்கால் மடங்கி அது குப்புற விழுந்தது.

"நிக்கவே தெம்பில்ல. இவன் உலகத்தைக் காப்பாத்தப் போறானாம்."

பிறகு இடது கையை உயர்த்தினார். குரலே மாறிவிட்டது. நகம் தனியாகத் தெரிவதைக் காட்டினார். கழுத்தைத் திருப்பினார், இறுக்கமாகத் திரும்பி, விட்ட இடத்தில் நின்றது. கண்ணைப் பார்த்தால் உயிர் இருக்கிறது என்றார். இதற்குப் பெயர்தான் தொழில், நீயெல்லாம் ஏழு ஜென்மம் எடுத்தாலும் உனக்கு வராது என்றார்.

மேற்பார்வையாளர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தார்.

முதலாளி கையை நீட்டி நிறுத்தினார். ஒன்றாக வேலை பார்த்த பாசத்தில் பரிந்து பேச வருகிறாள் என்பது தெரியாதா அவருக்கு? பழைய சிநேகிதமெல்லாம் கேட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார்.

வக்கீல் எழுதியதைப் படித்துக் காட்டினார். மொத்தம் ஆறு குறை. இப்படிப்பட்ட சரக்கைக் காசு வாங்கிக்கொண்டு விற்பது மோசடி, விற்பவர் யாராக இருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டும் என்று அழகாக முடித்திருந்தார். முதலாளி கம்பெனி முத்திரை குத்தி, வலது கையால் கையெழுத்துப் போட்டார். அப்போதும் இடது கையில் இருந்த வீரனைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதோடு விட்டாரா? விழுந்து கிடந்த முண்டத்தையும் தலையையும் கடிதத்தின்மேல் வைத்துப் படம் எடுத்து, மூன்று கடைகளுக்கும் இப்போதே அனுப்பச் சொன்னார். வக்கீல் அனுப்பினார். அனுப்பிய கையோடு மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள் மாமா என்றும் சொன்னார்.

இவ்வளவு நடந்தும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முதலாளிக்கு அதுதான் உறுத்தியது. கெஞ்சட்டும், காலில் விழட்டும், அப்புறம் போலீஸ் என்று நினைத்தார்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

அவள் முதலில் மேற்பார்வையாளர் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"உங்க இடது கையில இருக்கிறதுதாங்க நான் செஞ்சது."