காற்றை மறைத்த கை

கடலோரக் காட்டில் வசந்தத்தில் பூக்கும் பூக்கள் நகத்தின் அளவுதான் இருக்கும். காற்றில் ஒரு நொடி நிற்காது. நான் குப்புறப் படுத்து கேமராவில் கண்ணை வைத்ததும், என் வீட்டுக்காரர் பூவுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் குவித்துக் காற்றை மறைக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வார்.

போன ஞாயிறு மட்டும் வாயே திறக்கவில்லை. "கொஞ்சம் இடப்பக்கம்" என்றால் கை இடப்பக்கம் போனது. மரம் மரமாக நகர்ந்தேன். காலடிச் சத்தம் பின்னாலேயே வந்தது. மனுஷன் திருந்திவிட்டார் என்று ஆசைதீர எடுத்தேன்.

வண்டிக்குத் திரும்பினால், அவர் இருக்கையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள எப்ப வந்தீங்க?"

"போனாத்தானே வர்றதுக்கு? வந்ததுலேர்ந்து இங்கதான் தூங்கறேன்."

வீட்டில் படங்களைப் பார்த்தோம். ஒன்றுகூட ஆடவில்லை. எல்லாவற்றிலும் ஓரத்தில் ஓர் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தது. விரல்கள் கொஞ்சம் நீளம்.

அவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "இது என் கை இல்ல. ஆனா படம் நல்லா வந்திருக்கு."

இந்த ஞாயிறு அவராகவே என்னோடு இறங்கி வந்தார். பூவுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். முதுகு வலிக்கிறது என்றார், எறும்பு கடிக்கிறது என்றார். பூ ஆடிக்கொண்டே இருந்தது.

"நீங்க போய்த் தூங்குங்க" என்றேன்.

அவர் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். பிறகு கேமராவில் கண்ணை வைத்து, "கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.

மரங்களெல்லாம் காற்றில் ஆடின. பூ நின்றது.