கேசாராமின் உள்ளங்கை

கேசாராமின் குவிந்த உள்ளங்கையில் அபின் கரைத்த நீர் தளும்புகிறது. காலை வெயில் பட்டு அது தேன் நிறத்தில் மின்னுகிறது. எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னாள் மகாராஜா, இப்போது எம்.எல்.ஏ., மறுபடியும் வேட்பாளர். அவர் அப்பா காலத்தில் ஊரே அரண்மனைக்குப் போய் ராஜாவின் கையிலிருந்து குடித்தது. இன்று ராஜா ஒரு குடியானவன் கைக்குக் குனிய வந்திருக்கிறார். அடுத்தவன் கையிலிருந்து அபின் குடித்தவன் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. மார்வாரில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது.

"உங்க மேய்ச்சல் நிலம் எந்தக் கம்பெனிக்கும் போகாது. போதுமா கேசா?"

"குடிச்சிட்டுச் சொல்லுங்க, ஹுக்கும்."

சிவப்புத் தலைப்பாகை தாழ்கிறது. அத்தர் மணக்கிறது. மீசை முனை விரலில் குறுகுறுக்கிறது. கேசாராம் அவருடைய தொண்டைக்குழியைப் பார்க்க முயல்கிறான், சால்வை மறைக்கிறது. உறிஞ்சும் சத்தம் மட்டும் கடைசி வரிசை வரை கேட்கிறது. கேமராக்கள் படபடக்கின்றன. ராஜா நிமிர்ந்து பட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைக்கிறார். கூட்டம் ஜே போடுகிறது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது.

மனைவி தாப்பு முக்காட்டுக்குள்ளிருந்து கேட்கிறாள். "குடிச்சாரா?"

"மீசை நனைஞ்சுது."

"மீசையை யாரு கேட்டா? தொண்டை நனைஞ்சுதா?"

கேசாராம் விரல்களை இறுக்கிச் சேர்த்தபடி, நடுங்காமல், கையை அவள் முன் நீட்டுகிறான். ஊற்றியது ஊற்றியபடியே தளும்புகிறது.